நீங்கள் வரைவதை நாங்கள் பிரிக்கிறோம்: டிசைனர்களுக்குக் கொடுங்கையூரிலிருந்து ஒரு திறந்த மடல்

பொருள்களை வடிவமைக்கிற எல்லோருக்கும் வணக்கம்.

பாட்டில், பாக்கெட், மிக்ஸி, ஹெட்போன், நாற்காலி, பொம்மை, எதை வரைகிறவராக இருந்தாலும் சரி, பெரிய கம்பெனியில் டிசைன் டீமை நடத்துகிறவராக இருந்தாலும் சரி, தரமணியிலோ அகமதாபாத்திலோ இப்போதுதான் படித்துக்கொண்டிருக்கிற தம்பி தங்கையாக இருந்தாலும் சரி, இந்த மடல் உங்களுக்குத்தான். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுமையாகப் படியுங்கள்.

நான் வடசென்னையில் கொடுங்கையூரில் பிறந்து வளர்ந்தவள். என் நைனா முப்பது வருடத்துக்கு மேலாகக் காயலாங்கடை நடத்துகிறார். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் தராசுக்குப் பக்கத்தில் கவிழ்த்துப் போட்ட பெயின்ட் டின்தான் எனக்கு வீட்டுப்பாடம் எழுதும் மேசை. அப்புறம் பிளாஸ்டிக் டெக்னாலஜியில் டிப்ளமோ முடித்து, இன்றைக்கு மாதவரம் பக்கம், பிளாஸ்டிக்கை உருக்கி அச்சில் வார்க்கிற ஒரு மோல்டிங் பட்டறையில் சூப்பர்வைசராக இருக்கிறேன். பகலில் உங்களைப் போன்றவர்கள் அனுப்பும் டிராயிங்கைப் பார்த்துப் பொருள் செய்கிறேன், சாயங்காலம் கடைக்கு வந்தால் அதே மாதிரிப் பொருளைச் சுத்தியால் அடித்துப் பிரிக்கிறேன். இரண்டு பக்கத்தையும் தினமும் பார்க்கிற ஆட்கள் ரொம்பக் கிடையாது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

ஒரு பொருள் குப்பையாகப் போகுமா, மறுபடியும் சரக்காக வருமா என்பது எங்கள் கடைக்கு வரும் முன்பே முடிவாகிவிடுகிறது. நீங்கள் திரையில் இழுக்கிற கோட்டில், மெட்டீரியல் என்ற கட்டத்தில் எழுதுகிற ஒரு வார்த்தையில், ஒட்டிவிடலாமா ஸ்க்ரூ போடலாமா என்று யோசிக்கிற அந்த ஐந்து நிமிடத்தில் முக்கால்வாசி முடிந்துபோகிறது. ஒரு பொருளால் சுற்றுச்சூழலுக்கு வரும் பாதிப்பில் 80 சதவீதம் வரை வடிவமைப்பிலேயே தீர்மானமாகிவிடுகிறது என்று ஐரோப்பிய ஆணையம் சொல்கிறது. எங்கள் கடைத் திண்ணையில் ஒரு நாள் உட்கார்ந்து பார்த்தவர் யாருக்கும் அது கூடுதலாகத் தெரியாது.

இதை வடசென்னையிலிருந்து சொல்ல எனக்கு ஒரு உரிமை இருக்கிறது. நீங்கள் வரைகிற பொருளுக்கு முதல் ஊரும் எங்கள் ஊர், கடைசி ஊரும் எங்கள் ஊர். மணலியில் 1969 முதல் கச்சா எண்ணெய் சுத்திகரிக்கிறார்கள். அதைச் சுற்றி வளர்ந்த தொழிற்சாலைகளில் சோப்புத்தூளுக்கான ரசாயனமும் மெத்தை ஃபோமுக்கான ரசாயனமும் தயாராகின்றன. இன்னும் கொஞ்சம் வடக்கே போனால் அத்திப்பட்டில் நிலக்கரியை எரித்து மின்சாரம் எடுக்கிறார்கள். நம் நாட்டு நிலக்கரியில் 30 முதல் 40 சதவீதம் வரை சாம்பல்தான் மிஞ்சும். அந்தச் சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் கொண்டுபோகும் குழாய் ஒழுகி, கொசஸ்தலை ஆற்றில் படிந்து, இறால் தடவிப் பிடித்த இடமெல்லாம் மேடாகிப் போய், காட்டுக்குப்பத்து ஜனங்கள் எத்தனை வருடமாகப் போராடிக்கொண்டிருக்கிறார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் சேர்ந்து எண்ணூர் கழிமுகத்துக்குள் வந்து வலை, படகு, அலையாத்தி மரம் என்று தொட்டதையெல்லாம் கறுப்பாக்கியதை நீங்களும் செய்தியில் பார்த்திருப்பீர்கள். இது பொருளின் தொடக்கம். முடிவு எங்கள் தெருவுக்குப் பின்னால், முந்நூறு ஏக்கருக்கு மேல் பரந்து கிடக்கும் குப்பைமேடு. நடுவில் கடை அலமாரியில் விளக்கு வெளிச்சத்தில் பளபளவென்று நிற்கிற கொஞ்ச நாள் மட்டும்தான் அந்தப் பொருள் வேற ஊரில் இருக்கிறது.

சரி, முதலில் நல்லதிலிருந்து ஆரம்பிக்கிறேன். பால் கவர்.

உங்கள் அம்மாவும் நிச்சயம் பால் கவரைக் கழுவிக் காயவைத்து சமையலறை ஜன்னலில் செருகி வைத்திருப்பார். யாரும் அதற்குப் பிரச்சாரம் செய்யவில்லை, விழிப்புணர்வு வாரம் கொண்டாடவில்லை. எங்கள் கடையில் அதற்கு எப்போதும் விலை உண்டு, அதனால் எல்லா வீட்டிலும் சேர்த்து வைக்கிறார்கள். ஏன் விலை உண்டு? உள்ளே வெளியே எல்லாம் ஒரே பாலித்தீன் குடும்பம். வேறு எதுவும் ஒட்டவில்லை. காற்றுக்குப் பறக்காத அளவு தடிமன் இருக்கிறது. கையில் எடுத்ததும் யாருக்கும் அது என்னவென்று தெரியும். இந்த நாலு விஷயமும் எப்போதோ யாரோ எடுத்த டிசைன் முடிவுகள். அதிலும் ஒரு ஓட்டை இருக்கிறது, வெட்டிப் போடுகிற அந்தக் குட்டி மூலை. அது எங்கேயும் சேராமல் சாக்கடைக்கும் மண்ணுக்கும் போய்விடுகிறது. மூலை முழுசாகக் கழன்று விழாமல் பாக்கெட்டோடு ஒட்டியே நிற்கும்படி ஒரு கீறல் வைத்துக் கொடுக்க முடியாதா? ஐரோப்பாவில் 2024 ஜூலை முதல் குளிர்பான பாட்டில் மூடி பாட்டிலோடு ஒட்டியே இருக்க வேண்டும் என்று சட்டமே வந்துவிட்டது. மூடிக்கு முடியும் என்றால் பால் கவர் மூலைக்கும் முடியும்.

இப்போது சிப்ஸ் பாக்கெட்டைக் கையில் எடுங்கள். உள்ளே வெள்ளி மாதிரி மின்னுவது அலுமினியப் பூச்சு. பல பாக்கெட்டுகளில் அதன் மேல் ஒரு பிளாஸ்டிக், கீழே வேறொரு பிளாஸ்டிக், நடுவில் பசை. சிப்ஸ் நமுத்துப் போகாமல் இருக்க இது வேண்டும் என்பது எனக்கும் தெரியும், அதைப் படித்துத்தான் டிப்ளமோ வாங்கினேன். எடை குறைவு, லாரியில் அதிகம் ஏற்றலாம், சாப்பாடு வீணாவதில்லை, எல்லாம் நியாயம்தான். ஆனால் எங்கள் பக்கத்தில் எந்த மெஷினும் அதை அடுக்கடுக்காகப் பிரிக்காது, எந்தக் காயலாங்கடையும் அதை எடுக்காது. குப்பைமேட்டில் முப்பது வருடமாகப் பொறுக்கும் ஒரு ஆயா எங்கள் கடைக்கு வருவார். கசக்கினால் சரசரவென்று சத்தம் வந்தால் ஒரு சாக்கு, சத்தமில்லாமல் மெத்தென்று மடங்கினால் இன்னொரு சாக்கு, காதாலேயே பிளாஸ்டிக் ரகம் பிரிப்பவர். அவர் சிப்ஸ் பாக்கெட்டைக் காலால் ஒதுக்கிவிட்டு நடப்பார். "இத்த எட்த்தாந்து நா இன்னா பண்றது பாப்பா, எடைக்கும் ஆவாது, அட்ப்புக்கும் ஆவாது" என்பார். அந்த ஒரு வரியை உங்கள் பாடப்புத்தகத்தில் சேர்க்க எனக்கு ஆசை.

சாஷேவைப் பற்றிப் பேசும்போது எனக்குக் கொஞ்சம் தயக்கம் உண்டு. ஷாம்பு சாஷே நம் ஊர்க் கண்டுபிடிப்பு. கடலூர் சின்னி கிருஷ்ணன் 1970களில் தொடங்கி வைத்தது, அப்புறம் ஒரு ரூபாய்க்குக் கூலிக்காரப் பெண்கள் தலைக்கு ஷாம்பு போட முடிந்தது. என் அம்மாவும் அப்படித்தான் வாங்கினார். அதைக் கேவலமாகப் பேச எனக்கு மனசு வராது. ஆனால் காலி சாஷே ஒன்று ஒரு கிராம் தேறுவதே கஷ்டம். ஒரு கிலோ சேர ஆயிரம் தடவைக்கு மேல் குனிய வேண்டும், குனிந்தாலும் வாங்க ஆள் இல்லை. சின்ன அளவில், சின்ன விலையில் கொடுக்க வேண்டும் என்பது நல்ல யோசனை. அதையே கடையில் ஒரு டிரம் வைத்து, வீட்டிலிருந்து கொண்டுவரும் பாட்டிலில் ஐந்து ரூபாய்க்கு ஊற்றிக் கொடுக்கும்படி யோசித்திருக்கலாமே. எங்கள் ஊரில் நல்லெண்ணெயும் மண்ணெண்ணெயும் அப்படித்தானே வாங்கினோம். அந்த டிரம்முக்கு ஒழுகாத குழாய், ஏமாற்ற முடியாத அளவுகோல், எறும்பு ஏறாத மூடி, இதெல்லாம் யார் வரைவது? உங்களுக்கு இதைவிட நல்ல வேலை கிடைக்குமா?

பெட் (PET) என்கிற பிளாஸ்டிக்கில் செய்த பாட்டிலின் கதை கொஞ்சம் விவரமாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நல்ல பொருள் எப்படிக் கெடுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் இல்லை. நிறமில்லாத தண்ணீர் பாட்டிலுக்கு எங்களிடம் நல்ல விலை. பச்சை, நீலம், பழுப்பு என்றால் விலை இறங்கும், ஏனென்றால் நிறமில்லாததிலிருந்து எந்த நிறமும் செய்யலாம், பச்சையிலிருந்து பச்சையோ கறுப்போதான். ஜப்பானில் பானக் கம்பெனிகள் தாங்களாகவே கூடிப் பேசி, 2001 வாக்கில் நிற பாட்டிலையே விட்டுவிட்டன. இது முதல் விஷயம். அடுத்தது பாட்டிலைச் சுற்றி முழுசாக மாட்டுகிற அந்தப் பளபள உறை. அது பிவிசியாக இருந்தால் தீர்ந்தது கதை. அரைத்த சரக்கைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டால் மூடியின் பிளாஸ்டிக் மிதக்கும், பெட் மூழ்கும், அப்படித்தான் பிரிப்போம். பிவிசியும் பெட் மாதிரியே மூழ்கும். மூழ்கினது தெரியாமல் உருக்கினால், பெட் உருகுகிற சூட்டில் பிவிசி கருகி அமிலப் புகை விடும், மொத்தச் சரக்கும் மஞ்சளாகிப்போகும். நீங்கள் "ஷெல்ஃபில் எடுப்பாகத் தெரியும்" என்று போட்ட ஒரு உறைக்காக எங்கள் பெண்கள் ஒவ்வொரு பாட்டிலையும் பிளேடால் கீறி உரிக்கிறார்கள். விரல்களில் எத்தனை கோடு இருக்கிறது என்று நான் எண்ணியதில்லை, எண்ண விருப்பமும் இல்லை. மிதக்கிற வகை பிளாஸ்டிக்கில் பாதி உயரத்துக்கு ஒரு லேபிள், வெந்நீரில் விடுகிற பசை, இது போதும். விலையிலும் அதிக வித்தியாசம் வராது.

அப்புறம் இந்த "மக்கும் பிளாஸ்டிக்" டம்ளர். நல்ல மனசோடுதான் வரைகிறீர்கள், தெரியும். சோளத்திலிருந்து எடுக்கும் பிஎல்ஏ என்கிற பிளாஸ்டிக் பார்க்க பெட் மாதிரியே கண்ணாடியாக இருக்கும். எங்கள் பெண்கள் பெட் சாக்கில் போட்டுவிடுவார்கள், உருக்கும்போது அது மொத்தத்தையும் கெடுத்துவிடும். மண்ணில் போட்டாலும் சும்மா மக்காது, 60 டிகிரிக்குப் பக்கத்தில் சூடு நிற்கிற பெரிய உரக்கூடம் வேண்டும். கொடுங்கையூரில் அப்படி ஒன்று எனக்குத் தெரிந்து இல்லை. எந்த ஊரில் விற்கப் போகிறீர்களோ அந்த ஊரில் அந்தப் பொருளுக்குப் போக வழி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வரையுங்கள். வழி இல்லை என்றால் மக்கும் என்று அச்சடிக்காதீர்கள். அதை நம்பி வாங்குகிற ஜனங்களுக்கு அது துரோகம்.

இனி எழுதப்போவது எனக்குக் கஷ்டமான பகுதி.

நாலு வருடத்துக்கு முன்னால் ஒரு சித்திரை மாத மதியம். கடையில் வேலை பார்க்கும் அண்ணா ஒருவர், பழைய டிரிம்மர்கள் ஒரு மூட்டை வந்திருந்ததைப் பிரித்துக்கொண்டிருந்தார். எந்தக் கம்பெனி என்று இங்கே சொல்லப்போவதில்லை, ஒரு கம்பெனி மட்டும் இப்படிச் செய்வதில்லை. உடம்பு முழுக்க ஒரு ஸ்க்ரூ கூட இல்லை, சுற்றிலும் பசை போட்டு, அல்ட்ராசோனிக்கில், அதாவது ஒலி அதிர்வால் உருக்கி, வெல்டு செய்திருந்தது. ஸ்க்ரூ இல்லாததை எப்படிப் பிரிப்பது? சுத்தியால்தான். மூன்றாவது அடியில் உள்ளே இருந்த லித்தியம் பேட்டரி நசுங்கி, சீறிக்கொண்டு தீ வந்தது. பக்கத்தில் காய்ந்த அட்டைப்பெட்டிக் கட்டு. நைனா மணல் வாளியோடு ஓடி வந்ததால் கடை தப்பியது. அண்ணாவின் வலது கை முழங்கை வரை வெந்துபோனது. மூன்று மாதம் வேலைக்கு வரவில்லை. இன்றைக்கும் அந்தக் கையில் இரண்டு விரல் முழுசாக மடங்காது.

அந்த டிரிம்மரை வரைந்தவர் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. ஸ்க்ரூ வெளியே தெரிந்தால் அசிங்கமாக இருக்கும், தண்ணீர் உள்ளே போகக்கூடாது, அசெம்பிளியில் பத்து வினாடி மிச்சம், இப்படி ஏதோ ஒரு காரணம் அவருக்கு இருந்திருக்கும். அவருடைய மனசில் அந்தப் பொருளின் வாழ்க்கை வாடிக்கையாளரின் குளியலறையோடு முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு யாரோ ஒருவர் கையில் அதை எடுப்பார் என்பதே அவருக்குத் தோன்றவில்லை. நான் கேட்பது அதை மட்டும்தான், தோன்ற வேண்டும். ஐரோப்பாவில் 2027 பிப்ரவரி முதல், கையில் எடுத்துப்போகிற சாதனங்களின் பேட்டரியைப் பயன்படுத்துகிறவரே கழற்றி மாற்றும்படி இருக்க வேண்டும் என்று விதி கொண்டுவருகிறார்கள். அங்கே விற்க ஒரு டிசைன் வரையத்தானே போகிறீர்கள்? அதே டிசைனை இங்கேயும் கொடுங்கள். ஒரு ரப்பர் வளையமும் நாலு சாதாரண ஸ்டார் ஸ்க்ரூவும் போட்டால் தண்ணீரும் போகாது, கையும் வேகாது. உள்ளே பேட்டரி இருக்கிறது என்று வெளியிலேயே ஒரு அடையாளம், கைநாட்டு வைக்கிறவருக்கும் புரிகிற மாதிரி ஒரு படம், அதையாவது பொறித்துக் கொடுங்கள்.

பிரிக்க முடிகிற பொருள் நம்மிடம் இல்லாததா? மிக்ஸியை எடுத்துக்கொள்ளுங்கள். 2011-ல் தமிழக அரசு மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தது. அந்த மிக்ஸிகளில் சில எங்கள் தெருவில் இன்றும் சட்னி அரைக்கின்றன. ஜாரை மோட்டாரோடு சேர்க்கிற கப்ளர் தேய்ந்தால் தெருமுனைக் கடையில் கிடைக்கும், கார்பன் பிரஷ் தேய்ந்தால் அதுவும் கிடைக்கும், அடியில் நாலு ஸ்க்ரூ கழற்றினால் மோட்டார் வெளியே வந்துவிடும். மெக்கானிக் கடைக்குப் போர்டு கூட இருக்காது, ஒரு ஸ்டூலும் டெஸ்டரும்தான். அதே வீட்டில் எல்இடி பல்பு போனால் மொத்தமாகத் தூக்கிப்போடுகிறார்கள். பெரும்பாலும் எரிந்தது விளக்கே இல்லை, விளக்குக்கு ஏற்றபடி கரண்டை மாற்றிக் கொடுக்க உள்ளே இருக்கிற சின்ன டிரைவர் சர்க்யூட்டில் ஒரு கெபாசிட்டர். கப்ளரைப் போல டிரைவரையும் தனியாக மாற்றும்படி, எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான அளவில் வைத்தால் என்ன? இப்படி ஒரு பொது அளவை டிசைனர்கள் சேர்ந்து கேட்டால் கம்பெனிகள் காது கொடுக்கும் என்று நான் நம்புகிறேன்.

இப்போது பட்டறைக்கு வருகிறேன், இங்கே நான் உங்களோடு நேரடியாக வேலை செய்கிறவள்.

மோல்டிங்கில் ஒரு பீஸ் வெளியே வர ஆகிற நேரத்தில் பாதிக்கு மேல் அது ஆறுவதற்குத்தான் போகிறது. ஆறுகிற நேரம் சுவரின் தடிமனோடு சும்மா கூடுவதில்லை, தடிமனின் வர்க்கத்தோடு கூடும். 2 மில்லிமீட்டர் சுவரை 3 மில்லிமீட்டராக நீங்கள் மாற்றினால் ஆறுகிற நேரம் இரண்டே கால் மடங்கு. அவ்வளவு நேரமும் மோட்டார், ஹீட்டர், அச்சைக் குளிரவைக்கிற சில்லர் எல்லாம் ஓட வேண்டும், அந்தக் கரண்டில் ஒரு பங்கு நான் மேலே சொன்ன நிலக்கரிச் சாம்பலிலிருந்து வருவது. போன வருடம் ஒரு டப்பா மூடிக்கு 3 மில்லிமீட்டர் என்று டிராயிங் வந்தது. "கையில் எடுத்தால் கனமாக, தரமாகத் தெரிய வேண்டும்" என்று குறிப்பு. அனுப்பியது ஒரு சின்னப் பெண், படிப்பு முடித்து முதல் வேலை. போன் செய்து, ஒரு தடவை பட்டறைக்கு வாம்மா என்றேன். வந்தாள். மெஷின் முன்னால் நின்று, கதவு திறப்பதற்காக இரண்டு பேரும் காத்துக்கொண்டிருந்தோம், சும்மா அந்த ஆறுகிற நேரம் முழுக்க. அவளே கேட்டாள், "அக்கா, மெல்லிசாக்கி உள்பக்கம் ரிப் கொடுத்தால் வளையாதில்ல?" வளையாது. 2 மில்லிமீட்டரும், குறுக்கே ரிப் என்கிற தாங்கு பட்டையுமாக மாற்றினோம். ஒவ்வொரு மூடியிலும் பிளாஸ்டிக் மிச்சம், நேரம் மிச்சம், கரண்ட் மிச்சம், அவள் கம்பெனிக்குப் பணமும் மிச்சம். மறுபடி ஒரு தடவை சொல்கிறேன், அவள் வந்து நின்றதால்தான் இது நடந்தது. மெயிலில் எழுதியிருந்தால் நடந்திருக்காது.

மெல்லிசு என்றாலே நல்லது என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள். கேரி பேக்கை மெல்லிசாக்கிக்கொண்டே போனதால்தான் பொறுக்க ஆளில்லாமல் போனது. அதனால்தான் மத்திய அரசு 2021 செப்டம்பரில் குறைந்தது 75 மைக்ரான், 2022 கடைசியில் 120 மைக்ரான் என்று தடிமனைக் கூட்டியது. மூடிக்கு மெலிவு நல்லது, பைக்கு தடிமன் நல்லது. ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாக யோசித்தே ஆக வேண்டும், வேறு வழி இல்லை.

நிறம் இன்னொன்று. ஒரே டப்பாவுக்கு எட்டு நிறம் கேட்கிறீர்கள். ஒவ்வொரு தடவை நிறம் மாற்றும்போதும் மெஷினுக்குள் இருக்கிற பழைய நிறத்தைத் தள்ளி வெளியேற்ற வேண்டும். கறுப்பு ஓட்டிய மெஷினில் வெள்ளைக்கு மாறினால், சுத்தமான வெள்ளை வருகிற வரைக்கும் சாம்பல் நிறக் கட்டிகளாக விழுந்துகொண்டே இருக்கும், சில நாள் பத்து கிலோ வரைக்கும். எட்டை மூன்றாகக் குறையுங்கள். வாங்குகிறவர் யாரும் ஐந்து நிறம் குறைந்ததற்காக அழப்போவதில்லை. கார்பன் கலந்த கறுப்பையும் யோசித்துப் போடுங்கள், பெரிய தரம்பிரிக்கும் மெஷின்களில் அகச்சிவப்பு ஒளியால் பார்க்கிற கண்ணுக்கு அந்தக் கறுப்பு தெரியவே தெரியாது, நேராகக் கழிவுக்குப் போய்விடும்.

நிறம் என்றதும் எனக்கு வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு ஞாபகம் வருகிறது. தீபாவளிக்கு முன்னால் கறுப்பும் கருநீலமும் மெரூனுமாகப் பருத்தித் துணி மலைமலையாகக் குவிந்து கிடக்கும். அந்த மாதிரி அடர்ந்த நிறங்களுக்குத்தான் சாயத்தொட்டியில் உப்பு அதிகம் கொட்ட வேண்டும். அந்த உப்பு எங்கே போனது என்று நொய்யல் கரை விவசாயிகளைக் கேட்டால் சொல்வார்கள். 2011-ல் உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது வரைக்கும் போன விஷயம் அது. ஒரு சீசனின் நிற அட்டையை முடிவு செய்கிறவர் ஒரு ஆற்றுக்குள் எவ்வளவு உப்பு போகலாம் என்பதையும் சேர்த்தே முடிவு செய்கிறார். துணி எனக்கு ரொம்பத் தெரிந்த தொழில் இல்லை, அதனால் இதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

மறுசுழற்சி பிளாஸ்டிக் கலக்க நாங்கள் தயார், கலந்தால் உங்கள் ஆய்வில் ரிஜெக்ட் செய்கிறீர்கள். ஒரு சின்னப் புள்ளி தெரிந்துவிட்டதாம். பழைய சரக்கில் புள்ளி வரும், கொஞ்சம் சாம்பல் பூத்த மாதிரி இருக்கும், அதுதான் அதன் குணம். கண்ணாடி மாதிரிப் பளபளப்பு கேட்டால் புள்ளி தெரியும். சொரசொரப்பான மேற்பரப்பு, கலந்து தெறித்த மாதிரி நிறம், இப்படி வரைந்தால் அந்தப் புள்ளியே அழகாகிவிடும். சட்டமும் அந்தப் பக்கம்தான் போகிறது, 2022-ல் வந்த பிளாஸ்டிக் கழிவு விதிகள் கடினமான பிளாஸ்டிக் பேக்கேஜிங்கில் 2025-26 முதல் குறைந்தது 30 சதவீதம் பழைய சரக்கு என்று இலக்கு வைத்திருக்கின்றன. கம்பெனி எப்படியும் கலக்கத்தான் போகிறது. அதை அழகாகக் காட்டத் தெரிந்த டிசைனருக்கு வேலை காத்திருக்கிறது.

"கிளையன்ட் கேட்கிறார், நாங்கள் என்ன செய்வது" என்று நீங்கள் சொல்வது என் காதில் விழுகிறது. பட்டறைக்கு வந்த அந்தப் பெண்ணும் முதலில் அதைத்தான் சொன்னாள். எனக்கும் முதலாளி இருக்கிறார், எனக்கும் அது தெரியும். ஆனால் நான் மேலே எழுதியதில் பாதி, காசு மிச்சமாகிற விஷயம். மெல்லிய சுவர், குறைந்த நிறம், குறைந்த உதிரிபாகம், இதெல்லாம் செலவைக் குறைக்கும். அந்தக் கணக்கைப் போட்டுக் கொண்டுபோய் மேசையில் வையுங்கள், கணக்குப் போட வேண்டுமென்றால் எங்களைப் போல் பட்டறையில் இருப்பவர்களைக் கேளுங்கள். இன்னொரு பாதி செலவு கூடும்தான், மறைக்கவில்லை. பசைக்குப் பதில் ஸ்க்ரூ என்றால் ஆள்கூலி கூடும். இன்றைக்கு அந்த ஆள்கூலியை அண்ணாவின் கை கொடுத்துக்கொண்டிருக்கிறது. அதை விலைப்பட்டியலில் யாராவது ஒருவர் எழுத வேண்டும், அது நீங்களாக இருந்தால் எனக்குச் சந்தோஷம்.

முடியாது என்று சொல்கிறவர்களுக்கு எங்கள் ஊரிலேயே பதில் இருக்கிறது. மணலி தொழிற்சாலைகளுக்கு ஒரு காலத்தில் நல்ல தண்ணீர் போய்க்கொண்டிருந்தது, நாங்கள் குடத்தோடு லாரிக்கு நின்றுகொண்டிருந்தோம். 2019-ல் கொடுங்கையூரில் ஒரு ஆலை வந்தது. நகரத்துக் கழிவுநீரை ஆர்.ஓ. வரைக்கும் சுத்தம் செய்து ஒரு நாளைக்கு 4.5 கோடி லிட்டர் வரை மணலிக்குக் கொடுக்கும்படி கட்டியிருக்கிறார்கள். சாக்கடைத் தண்ணீரில் தொழிற்சாலை ஓடும் என்று எங்கள் தாத்தா காலத்தில் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். நிலக்கரிச் சாம்பலும் அப்படித்தான், பிபிசி (PPC) என்று சொல்லும் சிமென்ட்டில் 35 சதவீதம் வரை சாம்பல் கலக்கத் தரக்குறியீடே அனுமதிக்கிறது, சாம்பல் செங்கல் இருக்கிறது, நடைபாதைக் கல் இருக்கிறது. கட்டடம் வரைகிற, பெஞ்சும் பூந்தொட்டியும் வரைகிற நண்பர்கள் அதைக் கேட்டு வாங்கி எழுதினால் அவ்வளவு சாம்பல் ஆற்றுக்குப் பதில் சுவருக்குப் போகும்.

திரும்ப வருகிற பாட்டிலும் நமக்குப் புதுசில்லை. கோலி சோடா பாட்டில் ஒன்று எத்தனை தடவை நிரம்பிக் காலியாகித் திரும்பி வரும் என்று ராயபுரத்தில் யாரையும் கேளுங்கள். இன்றைக்கு வீட்டுக்கு வீடு 20 லிட்டர் கேன் அப்படித்தான் சுற்றுகிறது. நீலகிரியில் 2022 முதல் மதுபாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தருகிறார்கள். பாட்டில் திரும்பி வர வேண்டுமென்றால் கழுவத் தாங்குகிற உடம்பு, அடுக்க வசதியான தோள், எந்தக் கம்பெனியும் நிரப்புகிற பொது வாய், இதெல்லாம் வேண்டும். அதுவும் உங்கள் பென்சில்தான்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். டிசைன் பள்ளி ஆசிரியர்களே, உங்கள் மாணவர்களை ஒரு நாள் எங்கள் பக்கம் அழைத்து வாருங்கள். மியூசியம் பார்க்க வருவது போல வேண்டாம், போட்டோ எடுக்கவும் வேண்டாம், பொறுக்குகிறவர்களுக்கு அது பிடிக்காது. ஒவ்வொருவரும் தாங்கள் வரைந்த பொருளோ, தங்களுக்கு ரொம்பப் பிடித்த டிசைன் என்று நினைக்கிற பொருளோ ஒன்றைக் கையில் கொண்டு வரட்டும். காலை ஏழு மணிக்கு வந்தால் வெயிலுக்கு முன்னால் உட்காரலாம். கெட்டியான ஷூ போட்டுக்கொண்டு வாருங்கள், கீழே தகரம் கிடக்கும். ஒரு ஸ்க்ரூடிரைவர், ஒரு பிளேடு, ஒரு சுத்தி நாங்கள் தருகிறோம். பிரித்துப் பிரித்து எந்தச் சாக்கில் எது போகும் என்று நீங்களே போடுங்கள், ஆயா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பார். எதிலும் சேராதது கொஞ்சம் மிஞ்சும். அதை நைனா எடை போட்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுப்பார், கையோடு எடுத்துக்கொண்டு போங்கள்.

டீ எங்கள் செலவு.

அன்புடன்,
கொடுங்கையூர் காயலாங்கடைக்காரர் மகள்